முட்டிக்கு ஏழு இன்ச்

செருப்ப மட்டும் அங்கியே கழட்டிப் போட்டுட்டு ஏறுங்க கண்ணு. தப்பா நெனச்சுக்காதீங்க, பழக்கமாப் போச்சு. ஆம்பளைங்க ரெண்டு பேரும் பானட்டத் தொறந்து வெச்சுட்டு அந்தப் பக்கமே நிக்கட்டும். இஞ்சினப் பத்தி எங்கூட்டுக்காரரு நல்லாச் சொல்லுவாரு. உள்ள இருக்கறத நாஞ் சொல்றேன். வாங்கறது அவங்களா இருந்தாலும் உக்காந்து போறது நாமதானுங்களே.

நல்லாப் பின்னுக்குத் தள்ளி உக்காருங்க, முதுகு சீட்ட ஒட்டணும். ம், அப்புடி. இப்ப உங்க முட்டிக்கும் முன்சீட்டுக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்குதுன்னு பாருங்க. இருங்க, கையால காட்ட வேண்டாம், டேப் எங்கிட்டயே இருக்குது. நான் டெய்லருங்க. ஜாக்கெட் மட்டுந்தான், இருபத்தாறு வருசமா. தாலிக்கு அடுத்தபடி கழுத்துல தொங்கறது இந்த டேப்புதான். புடிங்க அந்த முனைய. பாத்தீங்களா? ஏழு இன்ச். எனக்கு ஏழரை வரும், நான் கொஞ்சம் குள்ளம். வளர்மதி வண்டில எவ்வளவு தெரியுங்களா? மூணு. மூணே மூணு. நானே அளந்தேன்.

வளர்மதின்னா என்ற ஓரகத்தி. எங்கூட்டுக்காரரோட தம்பி சம்சாரம். பக்கத்து ஊடுதான், நடுவுல ஒரே சுவரு. அவ கடுகு தாளிச்சா நான் தும்முவேன். இப்ப கூட நாம பேசறது அவளுக்குக் கேக்கும். கேக்கட்டும்.

ஒரு வருசந் தாண்டி நாலு மாசந்தான் ஆகுது, எதுக்கு விக்கறீங்கன்னு உங்கூட்டுக்காரரு போன்லயே கேட்டாராம். எங்கூட்டுக்காரரு 'எடம் பத்தலீங்க'ன்னு சொல்லிட்டாரு. அது பொய்யுங்க. எடம் பத்தலைன்னு ஒருத்தரும் இந்த வண்டியச் சொல்ல முடியாது. தலைக்கு மேல பாருங்க, கொண்டை போட்டு, கொண்டை மேல பூ வெச்சாலும் இடிக்காது. ஏசி காத்து வர்றதுக்கு உங்களுக்குன்னு தனியா ஓட்டை. கை வெக்கறதுக்கு ரெண்டு பக்கமும் கட்டை. சீட்ட எவ்வளவு வேணும்னாலும் சாச்சுக்கலாம், அந்தப் பக்கத்து ஆளத் தொந்தரவே பண்ண வேண்டாம். ரெண்டும் தனித்தனி. நடுவுல எட்டு இன்ச் சந்து, கடைசி சீட்டுக்குப் போறதுக்கு. எடம் பத்தலையாம். விக்கறதுக்கு வேற காரணம். சொல்றேன். நீங்க பாக்க நல்ல மொகமா இருக்கறீங்க, உங்ககிட்டச் சொன்னா என்ன.

எனக்கு ஒரே புள்ள. இந்துஜான்னு பேரு. உடுமலையில குடுத்திருக்குது. அவளுக்காகத்தான் இந்த வண்டியே.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் வெளங்கும். முந்தி எங்க ரெண்டு ஊட்டுக்கும் சேத்து கொழுந்தனார் வண்டி ஒண்ணுதான். பழசுங்க. ரெண்டு கை மாறி இவங்க கைக்கு வந்தது. கண்ணாடிய ஏத்தணும்னா ஒரு கை கண்ணாடியப் புடிச்சுத் தூக்கணும், இன்னொரு கை கைப்புடியச் சுத்தணும். அந்த வண்டியிலதான் கல்யாணம், கருமாதி, கோயிலு, ஆசுபத்திரி எல்லாம். முன்னால அண்ணனும் தம்பியும். பின்னால ஒரே நீள சீட்டு. அந்த ஜன்னல் என்ற நாத்தனாருக்கு, இந்த ஜன்னல் வளர்மதிக்கு. வண்டிக்காரி இல்லீங்களா, ஜன்னல் அவளுதுதான். நடுவுல நானு. பழைய வண்டில நடுவுல கால் வெக்கற எடத்துல ஒரு மேடு இருக்கும், கண்டிருக்கறீங்களா? ரெண்டு காலையும் அந்த மேட்டு மேல தூக்கி வெச்சுக்கிட்டு, முட்டி தாவாக்கட்டைக்கு வர, கோழி அடை காக்கற மாதிரி உக்காந்திருப்பேன். பழனி போனாலும் அப்புடித்தான், பவானி போனாலும் அப்புடித்தான்.

அப்ப என்ற புள்ள எங்க இருப்பாங்கறீங்க? வளர்மதி மடில. அஞ்சு வயசு, ஆறு வயசு இருக்கும். 'வா சாமி, அம்மா மடிக்கு வா'ன்னு நான் கையை நீட்டுவேன். 'போம்மா, உன்ற முட்டி குத்துது'ம்பா. குத்தாம என்ன பண்ணுங்க? மேட்டு மேல கால் இருந்தா எவ முட்டியா இருந்தாலும் குத்தும். ஜன்னலோரம் கால நீட்டி உக்காந்தா எம் மடியும் மெத்தையாட்டம்தான் இருக்கும். இத நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டேன். ஒரு நாள் நானும் ஒரு வண்டி வாங்குவேன், முட்டி எங்கியும் இடிக்காத வண்டியா வாங்குவேன்னு.

அவளுக்குப் புள்ளை இல்லீங்க. அதச் சொல்லிக் காட்டறவ நான் இல்ல. ஒரு தடவ கூடச் சொன்னதில்ல. ஆனா அடுத்தவ புள்ளைய எடுத்து மடில வெச்சுக்கறதுக்கு முந்தி 'அக்கா, வெச்சுக்கட்டுமா'ன்னு ஒரு வார்த்தை கேக்கலாமில்ல?

எனக்கும் பொழப்பு இருந்துச்சு. தீவாளி, பொங்கல், வைகாசி முகூர்த்தம்னா குனிஞ்ச தலை நிமிர முடியாது. மிசினு ஓடிக்கிட்டே இருக்கும். புள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவோரம் நிப்பா. 'சின்னம்மா ஊட்ல போயி விளையாடு சாமி, இந்த ஜாக்கெட்டுக்குக் கையை மட்டும் ஏத்திட்டு வர்றேன்'ம்பேன். கையை ஏத்தினா கழுத்து இருக்கும், கழுத்து முடிஞ்சா ஊக்கு இருக்கும். எல்லாம் யாருக்காக? அவளுக்காகத்தானுங்களே. அத ஒருத்தரும் நெனக்கறதில்ல.

சாயங்காலம் வந்தா கேப்பேன். 'சின்னம்மா ஊட்ல என்ன குழம்பு? நம்மூட்டுக் கொழம்பு நல்லாருக்குதா, அவங்கூட்டுக் கொழம்பா?' அவ பையத் தூக்கிக்கிட்டு உள்ள போயிருவா. அழுத்தம். அவங்கப்பன மாதிரி.

சரி, வண்டிக்கு வர்றேன். போன வருசம் ஆவணில, புள்ள கல்யாணமாகி ஒரு வருசம் ஆன பொறவு, எங்கூட்டுக்காரரு 'வாங்கிரலாம்'னாரு. ஈரோட்டுல நாலு ஷோரூம் ஏறி எறங்கினோம். நான் ஒவ்வொரு வண்டிலயும் ஏறி டேப்ப நீட்டிருவேன். முட்டி, தோளு, தலை. ஒரு நோட்டுல எழுதிக்குவேன். அங்கிருந்த ஆளு, 'அம்மா, இந்த அளவெல்லாம் புக்குலயே போட்டிருக்குதுங்க'ன்னாப்ல. 'உங்க புக்கு எனக்கு வேண்டாம் தம்பி, ரெடிமேட் அளவு எவளுக்கும் சரியா வராது'ன்னேன்.

அப்பறம் நடு சீட்டுல ரெண்டு வகை இருக்குதுன்னாங்க. ஒண்ணு ஒரே நீளமா, பெஞ்சு மாதிரி. மூணு பேரு உக்காரலாம். இன்னொண்ணு இது, ராஜா நாற்காலி மாதிரி தனித்தனியா ரெண்டு. எங்கூட்டுக்காரரு பெஞ்சே எடுக்கலாம்னாரு. 'கோயிலு கொளம்னு போறப்ப இன்னொரு ஆளு உக்காரும் மல்லிகா'ன்னாரு. 'இன்னொரு ஆளுன்னா யாருங்க? உங்க தம்பி பொண்டாட்டியா?'ன்னு கேட்டேன். அவரு எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிட்டாரு. தனித்தனி சீட்டே எடுத்தோம்.

சீட்டு கவரா? ஆமாங்க, புதுசாட்டந்தான் இருக்கும். வண்டி வந்தப்ப மேல பிளாஸ்டிக் கவர் போட்டிருந்துச்சு பாருங்க, அத நான் பிரிக்கவே இல்ல. விக்கலாம்னு பேச்சு வந்த பொறவு, போன வாரந்தான் பிரிச்சேன். உங்களுக்குத்தான் யோகம். ஏறறவங்க வேர்க்குதுன்னு சொல்லுவாங்க. ஏசியப் போட்டுட்டா ஏன் வேர்க்குது? உக்காந்தா சரசரன்னு சத்தம் வருதாம், தூங்க முடியலையாம். சொல்றதுக்கு ஒரு நோக்காடு வேணுமில்ல.

வளர்மதி வண்டி கவரும் நான் தைச்சதுதான், தெரியுங்களா? ஏழெட்டு வருசத்துக்கு முந்தி. சீட்டு கிழிஞ்சு பஞ்சு தள்ளிக்கிட்டுக் கெடந்துச்சு. 'அக்கா, உங்க கைக்கு அது என்ன வேலை'ன்னு கொஞ்சிக்கிட்டு வந்தா. சென்னிமலை பெட்ஷீட்டு ரெண்டு எடுத்து, பச்சைக் கட்டம் போட்டது, நாலு மூலையும் நாடா வெச்சுத் தைச்சுக் குடுத்தேன். தொவைச்சுத் தொவைச்சுப் பூ மாதிரி ஆயிப்போச்சு அந்தத் துணி. நல்ல துணி. நல்லவளுக்குத்தான் காலம் இல்ல.

போன பங்குனி. புள்ளைக்கு ஏழாம் மாசம். நாங்க கட்டுச்சோறு கொண்டுட்டு உடுமலைக்குப் போனோம். உங்க பக்கமும் அந்த மொறை உண்டுங்களா? ஆங், அதேதான். ஏழு வகைச் சோறு கட்டிக்கிட்டுப் போயி, ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் விருந்து போட்டு, வளையலப் போட்டு, புள்ளையப் பொறந்தூட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர்றது. கோபிலருந்து மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரந்தான் எனக்கு வேணும். திரும்பி வர்றப்ப என்ற புள்ள, வயித்துப் புள்ளையோட, என்ற வண்டில, என்ற பக்கத்துல. அதுக்குத்தான் நான் இருபத்தி நாலு வருசமாக் காத்துக்கிட்டு இருந்தேன்னு வெச்சுக்குங்களேன்.

கழுத்துக்குப் பின்னால, பொடனிக்கு வெச்சுக்கற தலாணி ஒண்ணு தைச்சேன். கால் வெச்சுக்க ஒரு மெத்தை தைச்சேன், அவ காலளவு தெரியும் எனக்கு. முதுகுக்கு ஒண்ணு. சோத்துப் போசி ஏழையும் வளர்மதி வண்டில ஏத்திட்டேன். புளிச்சோத்து வாசம் புது வண்டில புடிச்சுக்கிட்டா மாசமா இருக்கறவளுக்குக் கொமட்டும் பாருங்க. வளர்மதி ஒரு போசிய மடில வெச்சுக்கிட்டு, காலுக்கடியில ரெண்டு போசி வெச்சுக்கிட்டு வந்தா. எங்க வண்டில நானும் என்ற நாத்தனாரும் ஆளுக்கொரு சீட்டு. நாத்தனாரு சும்மா இருக்க மாட்டா, 'ஏனுங் அண்ணி, ஏரோப்ளேன்ல போறாப்டியே இருக்குது'ன்னா. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

விருந்தெல்லாம் குறையில்லாம முடிஞ்சுது. எமகண்டம் முடிஞ்சு மூணு மணிக்குப் பொறப்படணும். வாசல்ல அம்பது பேரு. என்ற புள்ள ரெண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையலோட எறங்கி வந்தா. நான் கதவத் தொறந்து, சீட்டச் சாச்சு, தலாணி மெத்தையெல்லாம் வெச்சுட்டு நிக்கறேன். அவ வந்து சீட்டப் பாத்தா. என்னையப் பாத்தா. அப்பறம் மெதுவாச் சொன்னா.

'அம்மா, நான் சின்னம்மா வண்டில வரட்டுமா?'

கேட்டுட்டாளுங்க. அம்பது பேரு முன்னால. சம்பந்தியம்மா உடனே, 'ஏனுங் சம்பந்தி, புது வண்டில எதாச்சும் கோளாறுங்களா?'ன்னு கேக்கறாங்க. 'இல்லீங்க, அவளுக்கு ஏசி ஒத்துக்காது'ன்னேன். வாய்ல வந்தத சொன்னேன். அந்தச் சம்பந்தியம்மா ஊட்ல அவ ரூம்ல ஏசிதான் ஓடுது, மூணு வேளையும்.

அவ போயி அந்தப் பழைய வண்டில ஏறிட்டா. எனக்குப் பக்கத்து சீட்டுல மறுபடியும் நாத்தனாரு. அந்தத் தலாணிய எடுத்து அவ பொடனிக்கு வெச்சுக்கிட்டா. 'நெம்ப சொகமா இருக்குதுங் அண்ணி'ங்கறா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தலாணியாலயே அவ மூஞ்சில ரெண்டு போட்டிருப்பேன்.

'அவங்க பின்னாடியே போங்க'ன்னு எங்கூட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். மூணு மணி நேரமும் அந்த வண்டியோட பின்கண்ணாடியத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். தாராபுரம் வரைக்கும் ரெண்டு தலை தெரிஞ்சுது. தாராபுரம் தாண்டினதும் ஒரு தலை காணோம். 'வண்டிய ஒட்டிப் போங்க, புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு'ன்னு கத்தறேன். அவரு ஹாரன் அடிச்சுக்கிட்டு பக்கத்துல கொண்டு போனாரு.

ஒண்ணும் ஆகலீங்க. படுத்திருந்தா. அந்த நீள சீட்டுல சாஞ்சு, வளர்மதி மடில தலைய வெச்சு, காலிச் சோத்துப் போசியக் கவுத்து அதும் மேல காலத் தூக்கிப் போட்டுக்கிட்டு, வாயத் தொறந்து தூங்கறா. காத்துல முடி பறக்குது, வளர்மதி அத ஒதுக்கி விட்டுக்கிட்டு இருக்கறா. என்னையப் பாத்து 'ஒண்ணுமில்ல'ன்னு கையக் காட்டினா. சத்தம் போடாதீங்கன்னு வாய்ல விரல வேற வெக்கறா. எனக்கே.

பொறாமைதானுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. வயிறு எரிஞ்சுது. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து, அவங்க வண்டி வேப்ப மரத்தடியில நின்னப்ப, டேப்ப எடுத்துக்கிட்டுப் போயி அளந்தேன். முட்டிக்கு மூணு இன்ச். சீட்டு அகலம் அம்பத்திரெண்டு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. மூணு இன்ச்ல என்ன சொகம் இருக்கப் போகுது? அந்த அம்பத்திரெண்டு. அதுதான் சங்கதி. நடுவுல கட்டை இல்ல, சந்து இல்ல. நம்ம சீட்டுல எப்புடிப் படுக்கறது? இந்தா பாருங்க, நான் இந்த சீட்டுல உக்காந்து கையை நீட்டினாக் கூட உங்க தோள்தான் எட்டுது. மடி எங்க எட்டறது? புள்ள மேல தப்பில்ல. சீட்டு மேலதான் தப்பு. எங்கூட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். 'நாந்தான் பெஞ்சு எடுக்கலாம்னு சொன்னேனே'ன்னாரு. இந்த ஆம்பளைங்களுக்கு அத மட்டும் மறக்காது.

வைகாசில பேத்தி பொறந்தா. அஞ்சு மாசம் எங்கூட்லதான். புள்ளைய நான் குளுப்பாட்டுவேன், வளர்மதி தண்ணி ஊத்துவா. மேலுக்குப் பொடி நான் தேய்ப்பேன், அவ தூங்க வெப்பா. எங்கிட்டத் தூங்காதுங்க, அத என்னமோ போங்க.

ஆவணில அந்தப் பழைய வண்டி இஞ்சின் போச்சு. அடியோட போச்சு, சரி பண்றதுக்கு ஆகற செலவுக்கு வேற வண்டியே வாங்கலாம்னுட்டாங்க. நான் ஒண்ணும் வேண்டிக்கலீங்க. ஒரே ஒரு தடவ, பாரியூர் அம்மன் கோயில்ல நிக்கறப்ப மனசுல வந்துச்சு, அவ்வளவுதான். மனசுல வர்றதுக்கெல்லாம் நாமளா பொறுப்பு? வண்டி காயலாங்கடைக்குப் போச்சு. வளர்மதி அந்தப் பச்சைக் கட்டம் போட்ட கவர மட்டும் அவுத்து, தொவைச்சு, மடிச்சு எடுத்து வெச்சுக்கிட்டா.

ஐப்பசில புள்ளையவும் பேத்தியவும் கொண்டு போயி விடணும். இப்ப வேற வண்டியே இல்ல பாருங்க. என்ற வண்டி ஒண்ணுதான். ஒரு சீட்டுல நானு, ஒரு சீட்டுல அவ, பேத்தி எம் மடில. காலைல எட்டு மணிக்குப் பொறப்படறதுன்னு முடிவு. வளர்மதி கேட்டப்ப, பத்து மணின்னு சொன்னேன். சொல்லிட்டேன். தப்புத்தான். அவ வந்து வழியனுப்பினா ஒரு மணி நேரம் அழுவா, புள்ளை அழுவும், நல்ல நேரம் போயிரும்னு நெனச்சேன்.

ஏழரைக்கே குளிச்சு, சீலை மாத்தி, கையில பையோட வாசல்ல நிக்கறா. 'இந்து போன் பண்ணுச்சுங் அக்கா, கூட வரச் சொல்லுச்சு'ங்கறா. எட்டு மணிய அவளும் சொல்லல, பத்து மணிய நானும் சொல்லல. ஏறினோம். 'நீ பின்னாடி ஏறிக்க வளரு'ன்னேன். அவ கடைசி சீட்டுக்குப் போனா. நான் என்ற சீட்டுல உக்காந்து பேத்திய வாங்கி மடில வெச்சுக்கிட்டு, 'வா சாமி'ன்னு அந்த சீட்டத் தட்டிக் காட்டினேன். இந்த சீட்டுதான், நீங்க உக்காந்திருக்கறது.

அவ ஏறினா. குனிஞ்சா. அந்த எட்டு இன்ச் சந்துல ஒருக்களிச்சு நொழைஞ்சு, கடைசி சீட்டுக்குப் போயிட்டா.

'இந்து, அங்க எடமே இல்ல சாமி, முட்டி இடிக்கும்'ங்கறேன். 'பரவால்லம்மா'ங்கறா. அந்தக் கடைசி சீட்டு எப்புடின்னு நீங்களே பாருங்க. ஒரு விரல் நொழைக்க முடியாது. அது பேருக்கு வெச்சிருக்கற சீட்டு, சாமான் வெக்கறதுக்கு. அங்க ரெண்டு பேரும் முட்டி மார்புக்கு வர உக்காந்திருக்கறாங்க. அந்தப் பச்சைக் கவர வேற கொண்டாந்திருந்தா வளர்மதி, அத அந்தப் பிளாஸ்டிக் மேல விரிச்சுட்டா. என்ற பக்கத்துல இந்த ராஜா சீட்டு காலி. புள்ளையோட துணிப்பையத் தூக்கி அதுல வெச்சேன். மூணு மணி நேரம் பைதான் என்ற கூட வந்துச்சு, நல்லாச் சாஞ்சுக்கிட்டு.

பெருந்துறையில பேத்தி அழுக ஆரம்பிச்சா. தட்டறேன், ஆட்டறேன், கிலுகிலுப்பையக் காட்டறேன். நிக்கல. பின்னால இருந்து ரெண்டு கை நீண்டுச்சு. குடுத்தேன். நின்னு போச்சு.

நான் கழுத்தத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டே வந்தேன். 'முட்டி இடிக்குதா சாமி?' 'இல்லம்மா.' காங்கேயத்துல கேட்டேன். 'முன்னால வந்துரேன்.' 'வேண்டாம்மா.' 'அந்த வண்டிய விட இது பரவால்லியா?' அவ பேத்தியோட குல்லாய இழுத்து விடறா. தாராபுரத்துல கேட்டேன். அப்பத்தான் சொன்னா. கோவமா இல்லீங்க, தூக்கத்துல பேசற மாதிரி. 'அம்மா, நீ கேட்டுக்கிட்டே இருப்ப. சின்னம்மா சும்மா உக்காந்திருப்பாங்க.'

அவ சின்னப் புள்ள, தெரியாமச் சொல்றா. கேக்காம எப்புடிங்க தெரியும், ஒருத்தருக்குச் சௌகரியமா இருக்குதா இல்லியான்னு? அளக்காம ஜாக்கெட் தைக்க முடியுங்களா?

எனக்கு வெளங்கிருச்சு. கடைசி சீட்டு ஒட்டினாப்ல ஒரே சீட்டுங்க. சந்து இல்ல. அதனாலதான் அங்க போனா. வேற ஒண்ணுமில்ல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இதக் குடுத்துட்டு, நடுவுல பெஞ்சு சீட்டு போட்ட வண்டி ஒண்ணு வாங்கறது. தையில பேத்திக்குக் காது குத்து, எங்க கொலசாமி கோயில்ல. அதுக்குள்ள வாங்கணும். இந்தத் தடவ ஜன்னலோரம் நான் உக்காருவேன். காலக் கீழ நல்லா நீட்டிக்குவேன். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பிரிச்சுரலாம். அவ வந்து எம் மடில தலைய வெச்சுப் படுக்கணும். ஒரு தடவ. கோயில் வரைக்குங் கூட வேண்டாம், பெருந்துறை வரைக்கும் போதும். வேற என்ன கேக்கறேன் நானு?

எங்கூட்டுக்காரரு சொல்றாரு, 'வண்டிய மாத்தினா எல்லாம் சரியாயிருமா மல்லிகா'ன்னு. அவருக்கு இஞ்சினத் தவிர என்ன தெரியும்.

அட, நீங்க ஏங் கண்ணு கண்ணத் தொடைக்கறீங்க? தூசியா? நேத்துத்தான் தொடைச்சேனே. சரி, கடைசி சீட்டையும் பாத்துருங்க, பொறவு சொல்லலைன்னு சொல்லக் கூடாது. எப்புடி இருக்குமுன்னு என்னையக் கேக்காதீங்க. நான் இது வரைக்கும் அங்க உக்காந்ததே இல்ல. அளந்திருக்கறேன், உக்காந்ததில்ல. வாங்க, ரெண்டு பேரும் போயிப் பாக்கலாம். செருப்பா? போட்டுக்கிட்டே வாங்க, என்ன ஆயிரப் போகுது. தலை பத்திரம். ஒருக்களிச்சு வாங்க. ம், நொழைஞ்சாச்சு.

அம்மாடி. எடமே இல்ல பாருங்க. என்ற முட்டி எங்க இருக்குது பாருங்க, தாவாக்கட்டைக்கு வந்துருச்சு. இங்கியா மூணு மணி நேரம் வந்தா?

இருங்க கண்ணு, எந்திரிக்காதீங்க. உங்கூட்டுக்காரரு கூப்புடறாருதான், ஒரு நிமிசம், இருக்கட்டும். இப்புடிச் சாயுங்க. எம் பக்கமா. கூச்சப்படாதீங்க, எனக்கும் உங்க வயசுல புள்ள இருக்குதுன்னு சொன்னேனில்ல. தலைய வெய்யுங்க. ஆங், அப்புடி.

உண்மையச் சொல்லுங்க கண்ணு. என்ற முட்டி குத்துதுங்களா?